படம் முதலா, இறைச்சி முதலா? சக்கரியாஸ் குனுக்கும் வேட்டை வீடியோவும்

கனடாவின் வடக்கே, பாஃபின் தீவுக்கும் மெல்வில் தீபகற்பத்துக்கும் இடையே உள்ள சிறு தீவு இக்லூலிக். 1981ஆம் ஆண்டு அந்த ஊரிலிருந்து சக்கரியாஸ் குனுக் என்ற இனுயிட் இளைஞர் தாம் செதுக்கிய மாக்கல் சிற்பங்களை எடுத்துக்கொண்டு தெற்கே மாண்ட்ரியால் நகருக்குப் போனார். விற்று வந்த பணத்தில் ஒரு வீடியோ கேமராவும், பதிந்ததைப் போட்டுப் பார்க்கத் தேவையான கருவிகளும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அப்போது இக்லூலிக்கில் தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது. தங்கள் மொழியான இனுக்டிடுட்டில் நிகழ்ச்சிகள் இல்லாத தொலைக்காட்சி தங்களுக்கு வேண்டாம் என்று 1970களில் இரண்டு முறை வாக்களித்து மறுத்த ஊர் அது.

குனுக்கின் தந்தை வேட்டைக்காரர். அவரும் கூட்டாளிகளும் வேட்டை முடிந்து வந்து, தேநீர் குடித்தபடி, போன இடத்தையும் பட்ட பாட்டையும் கதையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்த மகனுக்கு, கதையாகக் கேட்டதைப் படமாகவும் பார்க்க ஆசை. வேட்டைப் பயணங்களைத் தாமே பிடித்து வீட்டில் போட்டுப் பார்த்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஊர்ப் பிள்ளைகள் கூடி நின்று எட்டிப் பார்த்ததை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இருபது ஆண்டுகள் கழித்து, 2001இல், அவர் இயக்கிய 'அத்தானர்ஜுவாட்' கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருதைப் பெற்றது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரே முடிவுக்கு வருவார்கள்: இதுவரை வெளியார் இனுயிட் மக்களைப் படம் பிடித்தார்கள், இப்போது அவர்களே தங்களைப் பிடிக்கிறார்கள், ஆகவே இது உண்மையான படம். இந்த முடிவு தவறல்ல, ஆனால் போதாது. கேமரா யார் கையில் இருந்தது என்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். வேட்டையின்போது படத்துக்கும் இறைச்சிக்கும் போட்டி வந்தால் எது விட்டுக்கொடுத்தது?

ஒரு பழைய ஒப்பந்தம்

இந்தக் கேள்வி என்னுடையதல்ல. இனுயிட் வேட்டையைப் படமாக்கிய முதல் பெரும் படமான 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) பிறந்தபோதே பிறந்தது. அதன் இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி, தம் நாயகனுடன் முன்கூட்டியே பேசிக்கொண்டதைத் தாமே எழுதியிருக்கிறார். படத்துக்கு இடைஞ்சல் என்றால் கைக்கு எட்டிய விலங்கையும் விட்டுவிட நேரிடலாம், சம்மதமா என்று அவர் கேட்டார். படம்தான் முதலில் என்று நாயகன் ஒப்புக்கொண்டார். திரையில் நானூக் என்று அழைக்கப்பட்ட அந்த மனிதரின் உண்மைப் பெயர் அல்லாக்காரியல்லாக்.

ஒப்பந்தத்தின் விளைவு வால்ரஸ் வேட்டைக் காட்சியில் தெரிகிறது. அக்காலத்தில் அம்மக்கள் துப்பாக்கியைப் பயன்படுத்திவந்தார்கள். ஃபிளாஹர்ட்டிக்கோ கயிறு கட்டிய எறியீட்டிதான் வேண்டியிருந்தது. ஈட்டி பாய்ந்த வால்ரஸ் கடலுக்குள் இழுக்க, கரையில் ஆட்கள் கயிற்றோடு மல்லுக்கட்டினார்கள். துப்பாக்கியை எடுக்கச் சொல்லி அவரைக் கூவி அழைத்தார்கள். அவரோ புரியாததுபோல் பாவனை செய்துகொண்டு கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். இதையும் ஒளிக்காமல் எழுதியவர் அவரேதான். அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டலாம். இன்று பார்க்கும் மாணவர்களுக்கு அக்காட்சியின் பதற்றம் மெய்யாகத் தோன்றுவதற்குக் காரணம், அது மெய்யான பதற்றம் என்பதே. ஆனால் அந்தப் பதற்றத்தை உண்டாக்கியது கடல் மட்டுமல்ல, கேமராவும்தான்.

அதே படத்தில் பனித்துளை வழியே சீலைப் பிடிக்கும் காட்சி நடிப்பு. கயிற்றின் மறுமுனையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஆட்கள் இழுத்தார்கள். வெளியே எடுத்த சீல் ஏற்கெனவே செத்தது. இதை வைத்து ஃபிளாஹர்ட்டியைப் பொய்யர் என்று தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளினால் ஒரு செய்தி விடுபட்டுப்போகும். அவர் பிடித்த சுருள்களை அங்கேயே கழுவி, அம்மக்களுக்கே போட்டுக் காட்டினார். வால்ரஸ் காட்சி ஓடியபோது பார்த்தவர்கள் அதை விடாதே, பிடி என்று திரையைப் பார்த்துக் கத்தியதாக எழுதியிருக்கிறார். 1981இல் குனுக்கின் ஜன்னலில் நின்ற பிள்ளைகளுக்கு அறுபது ஆண்டு முன்னோடிகள் அவர்கள். அந்தச் சுருள்கள் பிறகு அவர்களிடம் தங்கவில்லை, தெற்கே போய்விட்டன என்பதுதான் வேறுபாடு.

தானே பிடித்தால் போதுமா?

வேட்டைக்காரரே கேமராவையும் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். தீராது என்பதற்கு இன்றைய வட அமெரிக்க விளையாட்டு வேட்டை வீடியோக்களே சாட்சி. மரத்தில் கட்டிய பரணில் ஒருவர் தனியாக அமர்ந்திருக்கிறார். மரத்திலேயே திருகிப் பொருத்திய ஒரு தாங்கியில் கேமரா இருக்கிறது. தொப்பியில் இன்னொரு சிறு கேமரா. மான் வருகிறது. வில்லை எடுப்பதற்கு முன் கேமராவைத் திருப்ப வேண்டும். மான் சட்டகத்துக்குள் வரும்வரை அம்பை விடக் கூடாது. நல்ல வாய்ப்பு கேமராவுக்கு வெளியே நின்றால் அதை விட்டுவிட வேண்டும். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. வேட்டை முடிந்த பிறகு, நடந்துவந்த காட்சி, வில்லை இழுக்கும் கையின் அண்மைக் காட்சி என்று விடுபட்டவற்றை மறுபடி நடித்துச் சேர்ப்பதும் அவர்களிடையே சாதாரணம்.

ஆக, ஃபிளாஹர்ட்டியின் ஒப்பந்தத்தில் வேட்டைக்காரர் இப்போது தம்மோடு தாமே கையெழுத்திடுகிறார். படம்தான் முதலில். வெளியார் எவரும் இல்லை. ஆனாலும் விலங்கு படத்துக்காகக் காத்திருக்கிறது. இவற்றின் கட்டமைப்பும் ஒரே மாதிரி. கொஞ்சம் காத்திருப்பு, அம்பு பாயும் நொடி, அதே நொடி மெதுவேகத்தில், பிறகு கொம்பைப் பிடித்தபடி ஒரு சிரிப்பு. அறுப்பதும் சுமப்பதும் சமைப்பதும் இரண்டு நிமிடம் வந்தால் அதிகம். வெறுங்கையோடு வீடு திரும்பிய நாள்கள் தனி வீடியோ ஆவது அரிது. (சட்டத்தை மீறிய வேட்டைகளை வேட்டைக்காரர்களே ஏற்றிய வீடியோக்கள் காட்டிக்கொடுத்ததும் அமெரிக்காவில் உண்டு. தன்னைத் தானே பிடிக்கும் கேமராவுக்கு இப்படியும் ஒரு பயன்!)

இதற்கு நேர் எதிரான ஒரு படத்தையும் இங்கே நினைக்கலாம். ஆப்பிரிக்காவுக்குச் சிங்கமும் யானையும் சுடப் போன ஆஸ்திரியர் சிலர், தங்கள் பயணத்தைப் படமாக்கப் பீட்டர் குபெல்கா என்ற இயக்குநரைக் கூட்டிப்போனார்கள். அவர் பல ஆண்டுகள் வெட்டி ஒட்டி, 1966இல் பன்னிரண்டரை நிமிடப் படமாக 'உன்செரே ஆஃப்ரிகாரைசெ' என்ற பெயரில் வெளியிட்டார். ஒரு காட்சியின் மேல் வேறோர் இடத்தின் ஒலியை ஏற்றி, அந்த வேட்டைக்காரர்களின் சிரிப்பை அவர்களுக்கு எதிராகவே திருப்பிவிட்டார். விளையாட்டு வேட்டையைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனம் திரையில் குறைவு. ஆனால் இதிலும் விலங்கு சாவது படத்துக்காகத்தான். தீர்ப்பு மட்டும் மாறியிருக்கிறது.

காத்திருப்பவர்களின் படம்

குனுக்குக்கு வருவோம். வீட்டு வீடியோக்களுக்குப் பிறகு அவர் இனுயிட் ஒலிபரப்பு நிறுவனத்தில் பணியாற்றினார். 1990இல் பால் அபாக் அங்கிலிர்க், பவுலூசி குலிட்டாலிக், நியூயார்க்கிலிருந்து வந்த வீடியோ கலைஞர் நார்மன் கோன் ஆகியோருடன் 'இசுமா' நிறுவனத்தை அமைத்தார். இனுக்டிடுட்டில் இசுமா என்றால் சிந்தனை. தொடக்ககாலப் படைப்புகளான 'கக்கிக்' (1989), 'நூனக்பா' (1991), 'சபூட்டி' (1993) மூன்றும் 1930களில் நடப்பதாக அமைந்தவை. 1940களின் நடுவில் நடக்கும் பதின்மூன்று பகுதித் தொடர் 'நூனவுட்' அடுத்து வந்தது. எதிலும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. வசனம் எழுதி ஒப்பிக்கவில்லை. ஊர்க்காரர்களே தங்கள் தாத்தா பாட்டியின் காலத்தை வாழ்ந்து காட்டினார்கள்.

'நூனக்பா' எளிமையான கதை. கோடையில் கொழுத்த கரிபூ மானைத் தேடி, குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்க, குடும்பங்கள் உள்நாட்டுக்கு நடக்கின்றன. முதியவர்கள் கடற்கரையில் காத்திருக்கிறார்கள். வேட்டைப் படம் என்று உட்காருபவருக்குப் பெரும்பகுதி நடையும் சுமையும் பேச்சும்தான் கிடைக்கும். மான் விழுவது இடையில் வரும் ஒரு வேலை. அதற்குப் பிறகு இன்னும் பெரிய வேலை இருக்கிறது: தோலுரிப்பது, துண்டாக்குவது, கல்லடுக்கி மூடுவது. அங்கே கேமரா ஒதுங்கி நின்று காட்டுவதில்லை. அறுப்பவரின் தோளுக்கருகே குனிந்து நிற்கிறது. அது கற்றுக்கொள்பவன் நிற்கும் இடம் என்பதே என் வாசிப்பு.

'சபூட்டி' எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சபூட்டி என்பது ஆற்றில் கல் அடுக்கிக் கட்டும் மீன் அணை. பகல் குறுகிவரும் பருவத்தில் மூன்று குடும்பங்கள் அதைக் கட்டி மீனுக்காகக் காத்திருக்கின்றன. இயற்கை ஒத்துழைக்கவில்லை. வேட்டையைப் படமாக்கியவர்களில் எத்தனை பேர் கிடைக்காமல் போனதைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள்? கிடைப்பது உறுதியில்லாத தொழிலில் கிடைத்த நாளை மட்டும் காட்டினால், பார்க்கும் சிறுவன் வேட்டையைத் தவறாகக் கற்றுக்கொள்வான். இந்தப் படங்களின் முதல் பார்வையாளர் அந்தச் சிறுவன்தான் என்பதை மறக்கக் கூடாது.

கற்றல் என்பது இங்கே அலங்காரச் சொல் அல்ல. நீரில் இருக்கும் வால்ரஸை ஈட்டியும் மிதவையும் மாட்டாமல் சுட்டால் அது மூழ்கிப்போகும்; உயிரும் வீண், இறைச்சியும் வீண். பனித்துளையருகே நிற்கும்போது காலடியில் பனி நொறுங்கினால் கீழே சீல் கேட்டுவிடும். மணிக்கணக்கில் அசையாமல் நிற்கத் தெரிய வேண்டும். இவற்றை வகுப்பறையில் சொல்லித்தர முடியாது. 1966இல் குனுக்கை அவருடைய பெற்றோரின் முகாமிலிருந்து இக்லூலிக் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு ஒன்பது வயது. அந்தத் தலைமுறைக்கு விட்டுப்போன பாடங்களை வீடியோ நாடாவில் திரும்பப் பிடிக்கிறார்கள். படம் முதலா, இறைச்சி முதலா என்ற போட்டியே இங்கே சற்று மங்குகிறது. இறைச்சியை அடையும் வழியை அடுத்தவருக்குச் சொல்வதுதான் படத்தின் வேலை.

அதே காலத்தில் ஊர்ப் பெண்கள் 1991இல் 'ஆர்னைட்' என்ற வீடியோக் குழுவைத் தனியாகத் தொடங்கினார்கள். தோல் பதனிடுவது, தைப்பது, பிள்ளைப்பேறு, முதிய பெண்களின் நினைவுகள் ஆகியவை அவர்களுடைய பொருள்கள். நல்ல கரிபூத் தோல் உடுப்பு இல்லாமல் எந்த வேட்டைக்காரரும் பனித்துளையருகே நிற்க முடியாது. ஆனாலும் வேட்டைப் படம் என்றால் ஆண்கள் படம் என்ற எண்ணம் இசுமாவிலும் முழுதாக உடையவில்லை. அதை உடைத்ததில் ஆர்னைட்டின் பங்கு பெரிது. அதைப் பற்றிய எழுத்து குறைவு.

ஒரு குறை

இனி, எனக்குள்ள மறுப்பைச் சொல்ல வேண்டும். 1981இல் ஜன்னல் பிள்ளைகள் பார்த்தது, அந்த ஆண்டின் இக்லூலிக்கில் வாழ்ந்தவர்களின் வேட்டை. ஃபிளாஹர்ட்டி காலத்திலேயே கையில் இருந்த துப்பாக்கியும், 1960களுக்குப் பின் வந்த பனிவண்டியும் அந்த வாழ்வின் சாதாரணப் பொருள்கள். உலகம் அறிந்த இசுமாவோ 1930கள், 1940கள், 'அத்தானர்ஜுவாட்'டில் இன்னும் பழைய புராணகாலம் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. காரணம் புரிகிறது. நினைவுள்ள முதியவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே பிடித்தாக வேண்டியிருந்தது. ஆனால் தெற்கிலுள்ள விழாக்களும் விமர்சகர்களும் அதை வரவேற்றதற்கு வேறு காரணமும் இருக்கலாம். தோலாடை, நாய்வண்டி, பனிவீடு ஆகியவற்றை அவர்கள் 1922 முதல் விரும்பிவருகிறார்கள். மோட்டார் வண்டியில் போய் ரைபிளால் சுட்டு, இறைச்சியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அண்டை வீட்டுக்குக் கொடுக்கும் இனுயிட் வேட்டைக்காரரை யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை.

இது வெறும் அழகியல் குறை என்றால் விட்டுவிடலாம். இதில் பிழைப்பும் சிக்கியிருக்கிறது. சீல் வேட்டைக்கு எதிரான இயக்கங்கள் 1970களில் வெள்ளைப் பனியில் இரத்தம், வெண்குட்டியின் கண்கள் என்ற இரண்டு படிமங்களை வைத்தே உலகை அசைத்தன. 1983இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் குட்டிச் சீல்களின் தோலுக்குத் தடை விதித்தது. இனுயிட் மக்கள் வேட்டையாடியது பெரும்பாலும் வளர்ந்த வளையச் சீல்களை. தடை அவற்றின்மீது இல்லை. ஆனால் சந்தை பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாச் சீல் தோலின் விலையும் விழுந்தது. எரிபொருளுக்கும் தோட்டாவுக்கும் தோல் விற்ற பணத்தை நம்பியிருந்த வீடுகள் அடிபட்டன. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் விரிவான தடை கொண்டுவந்து இனுயிட் மக்களுக்கு விலக்கு அளித்தபோதும் சந்தை மீளவில்லை. இந்தச் சண்டையில் தேவைப்பட்டது 1930களின் படமல்ல, நிகழ்காலத்தின் படம். அதை நேரடியாகச் செய்தவர் அலீத்தியா ஆர்னாகுக்-பாரில். அவருடைய 'ஆங்க்ரி இனுக்' (2016) இன்றைய உடையில், இன்றைய துப்பாக்கியோடு, குடும்பத்துக்காகச் சீல் சுடும் மனிதர்களிடமிருந்து தொடங்கி ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை போகிறது.

நாமும் ஒருவகையில் அந்தத் தெற்குப் பார்வையாளர்களே. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிய இந்தியக் கண்ணுக்கு, பனியில் சிந்தும் இரத்தம் முதலில் தொந்தரவாகவே இருக்கும். அந்தத் தொந்தரவை மறைக்க வேண்டியதில்லை. இசுமாவின் படங்கள் அதற்குச் சமாதானம் சொல்வதில்லை, மெல்லிசை போட்டு மூடுவதும் இல்லை. அறுத்த இடத்திலேயே பச்சையாகத் தின்று, கை துடைத்து, அடுத்த வேலைக்குப் போகிறார்கள்.

குனுக் நிகழ்காலத்துக்குத் திரும்பவே இல்லை என்பதும் சரியாகாது. இயன் மவ்ரோவுடன் சேர்ந்து 2010இல் எடுத்த பருவநிலை மாற்றம் பற்றிய ஆவணப்படத்தில், வேட்டைக்காரர்களும் முதியவர்களும் பனி, காற்று, விலங்குகளின் உடல் ஆகியவற்றில் தாங்கள் கண்ட மாற்றங்களைத் தங்கள் மொழியிலேயே சொல்கிறார்கள். 2008இல் இசுமா தொடங்கிய இணையதளத்தில் இத்தகைய படைப்புகள் பல திறந்து கிடக்கின்றன. திரைப்பட மாணவர்கள் 'நானூக்'கையும் 'நூனக்பா'வையும் அடுத்தடுத்து பார்ப்பது நல்ல பயிற்சி. எது நடிப்பு, எது உண்மை என்று தேடாமல், விலங்கு விழுந்த பிறகு ஒவ்வொரு படமும் எத்தனை நிமிடம் அங்கேயே நிற்கிறது என்று கணக்கெடுத்தால் போதும்.

2019இல் குனுக் 'ஒன் டே இன் த லைஃப் ஆஃப் நோவா பியுகாட்டுக்' என்ற படத்தை எடுத்தார். ஆண்டு 1961, இடம் கபூய்விக், குனுக் பிறந்த அதே முகாம். நோவாவும் கூட்டாளிகளும் நாய்வண்டிகளில் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். வழியில் அரசாங்க ஆள் ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து மறிக்கிறார். முகாமை விட்டு ஊருக்குக் குடிவர வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். பனியின்மேல் தேநீர் கொதிக்கிறது, பேச்சு நீள்கிறது, மொழிபெயர்ப்பு ஒவ்வொரு வாக்கியத்தையும் கொஞ்சம் கோணலாக்குகிறது. படத்தின் பெரும்பகுதி இந்தப் பேச்சுதான். நாய்கள் காத்துக்கிடக்கின்றன, சீல்கள் எங்கோ இருக்கின்றன, வேட்டைக்கான வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது.